முகத்தில் ஒட்டும் வெயில் பேட்ச் வாங்கலாமா? முழுமையான வழிகாட்டி

கொரிய அழகுப் பொருள்கள் விற்கும் இணையக் கடைகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது இந்தப் பொருள். கண்ணுக்குக் கீழே தொடங்கிக் கன்னத்து எலும்பை மூடும்படி பிறை வடிவில் வெட்டிய ஒரு ஜோடி பேட்ச். ஒட்டிக்கொண்டு வெயிலில் போனால் 99 சதவீதம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். சன்ஸ்கிரீன் பிசுபிசுக்கிறது, வியர்வையில் வழிந்து கண் எரிகிறது என்று அலுத்துப்போனவர்களுக்கு இது நல்ல வழியாகத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக என்றால் வேண்டாம். கன்னத்தில் மங்கு (தோலில் படரும் கருந்திட்டு) இருக்கிறது, வெட்டவெளியில் சேர்ந்தாற்போல மூன்று நான்கு மணி நேரம் நின்றாக வேண்டிய நாள், உங்கள் தோல் அந்தப் பசையைத் தாங்குகிறது என்றால் வாங்கலாம், பலன் உண்டு. தினமும் ஆபீஸ் போய் வர ஒட்டிக்கொள்வது வீண்செலவு. நம் ஊர் வியர்வையில் அது கெடுதலாகவும் முடியலாம். எதனால் என்று இனி படிப்படியாகப் பார்ப்போம்.

இது யாருக்காகச் செய்த பொருள்?

கொரியாவில் இதற்குப் பெயரே கோல்ஃப் பேட்ச். கொரோனா காலத்தில் அங்கே கோல்ஃப் ஆடுகிறவர்கள், அதிலும் இளம் பெண்கள், திடீரென்று பெருகினார்கள். பதினெட்டுக் குழி ஆட்டம் முடிய நான்கைந்து மணி நேரம் ஆகும். நிழலே இல்லாத புல்வெளி. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். ஆனால் கையில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் மட்டை வழுக்கும், மேக்கப்புக்கு மேல் பூசினால் முகம் திட்டுத் திட்டாகும். இந்தச் சங்கடத்துக்குத்தான் பேட்ச் விடையாக வந்தது. காலையில் ஒட்டினால் ஆட்டம் முடிந்ததும் உரித்துப் போடலாம்.

வெயிலுக்கு முகத்தை மூடுவதில் கிழக்காசியாவுக்குத் தனி ஆர்வம் உண்டு. சீனாவின் சிங்தாவ் கடற்கரையில் கண், மூக்கு, வாய்க்கு மட்டும் ஓட்டை விட்ட நீச்சல் முகமூடியைப் பெண்கள் போட்டுக்கொண்டு குளிக்கும் படங்கள் 2012 வாக்கில் உலகம் முழுக்கப் பரவின. அதோடு ஒப்பிட்டால் பேட்ச் ரொம்ப அடக்கமான பொருள்.

இந்தப் பின்னணி ஒன்றை நினைவில் வைத்தால் பாதி முடிவை எடுத்துவிடலாம். சில மணி நேரம், ஒரே இடம், மறுபடி பூச வசதி இல்லை என்ற நிலைமைக்கான பொருள் இது. உங்கள் நாள் அப்படிப்பட்டதா என்று பாருங்கள்.

மூன்று வகை, இரண்டுதான் நமக்கு

ஒரு வகை ஜெல் பேட்ச். உள்பக்கம் ஈரமான ஜெல், வெளிப்பக்கம் மெல்லிய துணி. ஒட்டியதும் குளுகுளு என்று இருக்கும். ஜெல்லில் உள்ள நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி அது. நீர் வற்றினால் குளிர்ச்சியும் போகும், ஓரமும் தூக்கும். தோலுக்கு மென்மையானது, உரிக்கும்போது வலிக்காது.

இன்னொரு வகை டேப். விளையாட்டு வீரர்கள் தோளிலும் முழங்காலிலும் ஒட்டிக்கொள்ளும் இழுபடும் துணி டேப்பின் தம்பி என்று சொல்லலாம். அக்ரிலிக் பசை. நன்றாகப் பிடிக்கும், வியர்வையிலும் ஓரளவு நிற்கும். அந்தப் பிடிமானமே உரிக்கும்போது தொந்தரவு.

மூன்றாவது வகை வெயிலுக்கானதே அல்ல, ஆனால் தேடும்போது கலந்து வரும். முகப்பருவுக்கு ஒட்டும், கசிவை உறிஞ்சும் ஹைட்ரோகொலாய்டு பேட்ச், கருவளையத்துக்கான கண் பேட்ச், அப்புறம் வெயில் அளவைக் காட்டும் ஸ்டிக்கர். இந்தக் கடைசி ஸ்டிக்கரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். அது தோலில் ஒட்டி, அதன் மேலும் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்கிற பொருள். பூச்சு தேய்ந்ததும் ஊதா நிறமாக மாறி, மறுபடி பூசு என்று சொல்லும். அளவுகோல் மட்டும்தான், கேடயம் இல்லை.

உண்மையில் எதைத் தடுக்கிறது?

பேட்ச் என்பது முகத்தோடு ஒட்டிய துணி. அதனால் அதன் பலமும் பலவீனமும் துணிக்கு உள்ளவைதான்.

முதலில் பலம். சன்ஸ்கிரீன் டப்பாவில் எஸ்.பி.எஃப். 50 என்று இருப்பது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துக் கிடைத்த எண். நிஜ வாழ்க்கையில் அதில் பாதி பூசுகிறவர்களே குறைவு. கால் பங்கு பூசிவிட்டு 50 கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறோம். துணிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நெய்த துணி நெய்தபடி இருக்கும். கஞ்சத்தனமாக ஒட்ட முடியாது. இரண்டு மணி நேரத்தில் கரைந்து போவதும் இல்லை.

இரண்டாவது பலம்தான் என்னை இந்தப் பொருளைப் பற்றி யோசிக்க வைத்தது. விற்கிறவர்கள் அதைச் சொல்வதே இல்லை. நம்மைப் போன்ற மாநிறத் தோலைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனைத் தோல் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் செலுத்தியபோது மாநிற, கறுப்புத் தோல்காரர்களுக்குத் தோல் கறுத்தது, அந்தக் கறுப்பு நாள்கணக்கில் நீடித்தது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முகத்தில் பூசினால் தெரியாமல் மறைந்துவிடும் சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். வெளிச்சம் ஊடுருவாத கெட்டித் துணியும் தடுக்கும். எவ்வளவு சன்ஸ்கிரீன் பூசியும் மங்கு குறையவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி பலவீனம். மூடிய இடத்துக்குத்தான் காவல். வழக்கமான அளவுள்ள ஒரு ஜோடி முகத்தில் கால் பங்கைக்கூட மூடாது. மூக்கு, மேலுதடு, நெற்றி, காது, கழுத்து எல்லாம் வெளியேதான் நிற்கும். மங்கு பல பேருக்கு நெற்றியிலும் மேலுதட்டிலும்தான் வருகிறது. அங்கே பிறை வடிவப் பேட்ச்சால் ஒரு பயனும் இல்லை.

அடுத்தது, கோடு. பேட்ச்சுக்கு வெளியே இருக்கும் தோலுக்கு ஒழுங்காகச் சன்ஸ்கிரீன் பூசாவிட்டால் அது கறுக்கும், உள்ளே இருக்கும் தோல் கறுக்காது. ஒரே மதியத்தில் பிறை வடிவில் ஓரம் தெரியும். சமமாக வாரக்கணக்கு ஆகும். 2020இல் முகக்கவசம் போட்டு வெயிலில் அலைந்த எல்லோரும் கண்ணாடியில் பார்த்த கோடுதான் இது.

மூன்றாவது, பசை. நம் தோலின் குணம், எங்கே எரிச்சலும் சிராய்ப்பும் வந்தாலும் ஆறிய பிறகு அங்கே கறுப்பாகத் தடம் விட்டுப் போவது. பரு ஆறியும் கரும்புள்ளி நிற்பது அதனால்தான். பேட்ச்சின் பசை தோலைப் புண்படுத்தினால், எந்தக் கறுப்பு வரக்கூடாது என்று ஒட்டினோமோ அதே கறுப்பு பேட்ச்சாலேயே வரும். லாபமா நஷ்டமா என்பது கடைசியில் இந்தப் பசையில்தான் போய் நிற்கிறது.

முதல் படி: உங்கள் நாளைக் கணக்குப் போடுங்கள்

வானிலைச் செயலியில் யு.வி. இன்டெக்ஸ் என்று, புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் ஒரு எண் இருக்கும். 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 முதல் 10 வரை மிக அதிகம், 11ம் அதற்கு மேலும் உச்சம். தமிழ்நாட்டில் ஏப்ரல், மே நண்பகலில் 11ஐத் தாண்டுவது சாதாரணம். மார்கழி நண்பகலில்கூட மேகம் இல்லாவிட்டால் 7, 8 இருக்கும். செயலி பார்க்கப் பிடிக்காதவர்கள் நிழலைப் பார்க்கலாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது ஆபத்தான வெயில்.

இனி, அந்த வெயிலில் உங்கள் முகம் எவ்வளவு நேரம் நிற்கிறது?

டூவீலரில் போகிறவர்கள்தான் இந்தப் பேட்ச்சை அதிகம் விசாரிக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இது குறைவாகத் தேவை. முகம் முழுதும் மூடும் ஹெல்மெட்டில் நல்ல பாலிகார்பனேட் கண்ணாடியை இறக்கிவிட்டால், அந்தப் பிளாஸ்டிக்கே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிற ஹெல்மெட்டாக வாங்கினால் தலையும் பிழைக்கும். ஹெல்மெட்டுக்குள் பேட்ச் ஒட்டினால் உள்பஞ்சு உரசி ஓரம் சுருண்டு, வீடு வருவதற்குள் அது தாடைக்கு வந்திருக்கும்.

கார்க்காரர்கள் கதை வேறு. நம்மை எட்டும் புற ஊதாக் கதிரில் யு.வி.ஏ., யு.வி.பி. என்று இரண்டு வகை. முன் கண்ணாடி இரட்டை அடுக்கு என்பதால் யு.வி.ஏ. கதிரையும் பெருமளவு தடுக்கும். பக்கவாட்டுக் கண்ணாடி யு.வி.பி.யைத் தடுக்கும், யு.வி.ஏ.யை உள்ளே விடும். 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த படம் பிரபலம்: 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஒருவரின் இடது கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கியிருக்கும், வலது கன்னம் வயதுக்குத் தக்கபடி இருக்கும். அங்கே ஸ்டீரிங் இடதுபக்கம். நம் ஊரில் ஓட்டுநருக்கு வலது கன்னம். நாள் முழுக்க டாக்ஸி ஓட்டுகிறவருக்கு மங்கும் இருந்தால் வலது கன்னத்துக்கு ஒரு பேட்ச் என்பது அர்த்தமுள்ள யோசனைதான். மற்றவர்களுக்குச் சன்ஸ்கிரீன் போதும்.

பேட்ச் நிஜமாகவே ஜெயிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, வெளிச்சம் கீழேயிருந்து வரும் இடம். உலர்ந்த கடற்கரை மணல் ஏறத்தாழ 15 சதவீதம் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிக்கும், கடல் நுரை 25 சதவீதம், புதுப் பனி 80 சதவீதம்வரை. தொப்பியும் குடையும் மேலிருந்து வருவதைத்தான் மறைக்கும். கீழேயிருந்து கன்னத்தில் படுவதை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. படகுச் சவாரி, பீச் வாலிபால், மணாலி பனிப் பயணம் இதற்கெல்லாம் பேட்ச் பொருத்தம். இரண்டு, குளிரான மலை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்தோறும் புற ஊதா 10 சதவீதத்துக்கு மேல் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர்கிறதே என்று வெயிலை மறந்து சுற்றிவிட்டுக் கறுத்துத் திரும்புவது அதனால்தான். அங்கே வியர்வையும் குறைவு, பேட்ச் நன்றாக நிற்கும்.

இன்னொரு சந்தர்ப்பம், மச்சம் எடுத்த பிறகோ லேசர் செய்த பிறகோ ஒரு சிறு இடத்தை மட்டும் வெயிலிலிருந்து காப்பது. கொரியாவில் இதற்கு ஹைட்ரோகொலாய்டு டேப் ஒட்டிவிடுவது வழக்கம். இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். புதுப் புண்ணின் மேல் எதை எத்தனை நாள் ஒட்டலாம் என்பதைச் சிகிச்சை செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: அட்டையைப் படியுங்கள்

துணிக்கான அளவு யு.பி.எஃப்.; பூசுவதற்கான அளவு எஸ்.பி.எஃப். யு.பி.எஃப். 50+ என்றால் விழும் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 2 சதவீதத்துக்கு மேல், உள்ளே போகாது. பேட்ச்சுக்கு எஸ்.பி.எஃப். என்று போட்டிருந்தால் விற்பவருக்கே தான் என்ன விற்கிறோம் என்று தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வெறுமனே 99 சதவீதம் என்று மட்டும் இருந்தால் போதாது. யு.வி.ஏ. எவ்வளவு, யு.வி.பி. எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும், யார் சோதித்தார்கள் என்பதும் இருக்க வேண்டும். கொரியப் பொருள்களில் காட்ரி போன்ற துணிச் சோதனை நிலையத்தின் பெயர் இருந்தால் ஓரளவு நம்பலாம். அப்போதும் அது துணிக்குக் கொடுத்த சான்றிதழ். உங்கள் கன்னத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதற்கு அல்ல.

கொலாஜன், தங்கத் துகள், வெண்மையாக்கும் சாறு என்று அடுக்கியிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். வாசனை சேர்த்ததைத் தவிருங்கள். வெயிலும் வாசனையும் சேர்ந்து தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் வாய்ப்பு உண்டு. மங்குக்காக வாங்குகிறவர்கள் கண்ணாடி போன்ற மெல்லிய பேட்ச்சை விட்டுவிட்டு வெளிச்சம் புகாத துணியாகத் தேர்ந்தெடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

மூன்றாம் படி: வீட்டிலேயே ஒரு சோதனை

கள்ளநோட்டுப் பார்க்கும் சிறிய யு.வி. டார்ச் இணையத்தில் கிடைக்கும். நன்றாகச் சலவைத்தூள் போட்டுத் துவைத்த வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சலவைத்தூளில் இருக்கும் வெளுப்பூட்டி புற ஊதா பட்டால் நீலமாக ஒளிரும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சட்டையின் மேல் அடியுங்கள். பளீரென்று நீலம் தெரியும். இப்போது டார்ச்சின் வாயை அடைத்தபடி பேட்ச்சை வையுங்கள். நீலம் முழுக்க அணைந்தால் நல்லது. மங்கலாகத் தெரிந்தால் அந்த அளவுக்கு ஒழுகுகிறது. துணியை லேசாக இழுத்துப் பிடித்தும் ஒரு முறை பாருங்கள். இழுபடும் டேப் கன்னத்து வளைவில் விரிந்துதான் உட்காரும். விரிந்தால் இழைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். இழுக்காதபோது இருட்டாக இருந்து, இழுத்ததும் புள்ளி புள்ளியாக நீலம் தெரியும் டேப்களை அப்போதே கண்டுபிடித்துவிடலாம்.

டார்ச்சைக் கண்ணில் அடித்துக்கொள்ளாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். இந்த டார்ச் வெளியிடுவது பெரும்பாலும் யு.வி.ஏ. மட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதில் தோற்ற பேட்ச்சைத் தூக்கிப் போடலாம்; தேறியது என்பதற்காக அட்டையில் எழுதியது எல்லாம் உண்மையாகிவிடாது.

இதே டார்ச்சை உங்கள் துப்பட்டா மேலும் அடித்துப் பாருங்கள். மெல்லிய வெளிர் நிறப் பருத்தித் துணியில் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியும்போது கொஞ்சம் பகீர் என்றிருக்கும். மெல்லிய வெள்ளை டிஷர்ட்டின் யு.பி.எஃப். பத்தைக்கூடத் தொடாது. நனைந்தால் இன்னும் குறையும்.

நான்காம் படி: பசையைத் தோல் தாங்குமா?

நேராகக் கன்னத்தில் ஒட்டாதீர்கள். பேட்ச்சில் ஒரு சிறு துண்டு வெட்டி, தாடைக்குக் கீழே கழுத்தோரத்தில் ஒட்டுங்கள். வெளியில் எத்தனை மணி நேரம் போட்டுக்கொள்ளப் போகிறீர்களோ அத்தனை மணி நேரம் விடுங்கள். உரித்த உடனே கொஞ்சம் சிவப்பாகத் தெரிவது பெரிய விஷயம் இல்லை, அரை மணியில் அடங்க வேண்டும். அதோடு விட்டுவிடாதீர்கள். பசை ஒவ்வாமை தாமதமாக, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அரிப்பு, சிறு கொப்புளம், பேட்ச்சின் வடிவிலேயே தடிப்பு வந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு இல்லை. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியே முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்தச் சோதனைகூட வேண்டாம்.

சிலர் இந்தப் பக்கமே வரக்கூடாது. பருவுக்கு ட்ரெட்டினாயின், அடபலீன் போன்ற மருந்து இரவில் பூசுகிறவர்கள், அண்மையில் கெமிக்கல் பீல் (மருந்து பூசி மேல்தோலை உரிக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள், த்ரெட்டிங்கோ வாக்சிங்கோ செய்து இரண்டு மூன்று நாள் ஆகாதவர்கள், வெடித்த பருவோடு இருப்பவர்கள். இவர்களுக்கு டேப்போடு மேல்தோலும் சேர்ந்து வரும்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியவர்கள், சிவப்பழகுக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய கிரீமை மாதக்கணக்கில் பூசியவர்கள். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் காகிதம்போல மெலிந்திருக்கும், வெயில் பட்டாலே சிவந்து எரியும். இந்தப் பாதிப்புக்கென்றே இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. வெயில் தாங்கவில்லையே என்று பேட்ச் தேடுகிறவர்களில் இவர்கள் கணிசம். இவர்களுக்குத் தேவை தோல் மருத்துவர்.

ஐந்தாம் படி: ஒட்டும் முறை

முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். காலையில் தடவிய எண்ணெயோ கிரீமோ இருந்தால் ஒட்டாது.

சன்ஸ்கிரீனை முன்பு பூசுவதா பின்பு பூசுவதா என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். ஜெல் வகை என்றால் முகம் முழுக்கச் சன்ஸ்கிரீன் பூசி, பதினைந்து இருபது நிமிடம் காயவிட்டு, மேலே ஒட்டலாம். நடுவில் பேட்ச் விழுந்தாலும் அடியில் பூச்சு இருக்கும். டேப் வகை பூச்சின் மேல் பிடிக்காது. அதை வெறும் தோலில் ஒட்டிவிட்டு, சுற்றிலும் சன்ஸ்கிரீன் பூசி, ஓரத்தின் மேலும் கொஞ்சம் ஏறும்படி இழுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால்தான் பிறைக்கோடு விழாது. அளவு, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது. அது முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். காதை மறக்காதீர்கள்.

ஒட்டும்போது லேசாகச் சிரித்த முகமாக வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது. முகத்தை உம்மென்று வைத்து ஒட்டினால், முதல் முறை வாய்விட்டுச் சிரித்தவுடன் கன்னம் மேலேறி, மூக்கோரத்தில் பேட்ச் மடங்கும். ஒருமுறை மடங்கிய இடத்தில் பசை மறுபடி உட்காராது. வியர்வை அந்த வழியாகத்தான் உள்ளே இறங்கும். மூக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி, இழுக்காமல், காதை நோக்கித் தடவிக்கொண்டே போங்கள். கீழ் இமை விளிம்புக்கும் பேட்ச்சுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடம் விடுங்கள். தாடியோ கிருதாவோ இருக்கும் ஆண்கள் முடி இல்லாத இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: வெளியில் இருக்கும்போது

பேட்ச் ஒட்டியாயிற்று என்று மற்ற இடத்தை மறந்துவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே தெரியும் தோலுக்கு மறுபடி பூசுங்கள். ஓரம் தூக்கினால் அழுத்தி அழுத்தி ஒட்ட முயலாதீர்கள். உரித்து, முகத்தை ஒற்றி, சன்ஸ்கிரீன் பூசிவிடுங்கள். ஆகையால் பையில் சன்ஸ்கிரீன் இல்லாமல் பேட்ச்சை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது.

உள்ளே நமநம என்று அரித்தாலோ எரிந்தாலோ அப்போதே எடுத்துவிடுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் மே மாதம் வியர்வை ஆவியாகாமல் அப்படியே நிற்கும். அதன்மேல் காற்றுப் புகாமல் மூடினால் வேர்க்குருவும் பருவும் வரும். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊட்டி, கொடைக்கானல் என்றால் நான்கு மணி நேரம்கூடப் பரவாயில்லை.

ஏழாம் படி: உரிக்கும் முறை

பிளாஸ்திரியைச் சட்டென்று இழுத்தால் வலி தெரியாது என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முகத்தில் அதைச் செய்யாதீர்கள். ஜெல் வகை தண்ணீர் தெளித்தாலே நழுவும். டேப் வகைக்கு ஓரங்களில் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள், பசை இளகிவிடும். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறு கையால் டேப்பைத் தோலோடு ஒட்டினாற்போலப் பின்னோக்கி மடித்து மெதுவாக உருட்டி எடுங்கள். செங்குத்தாகத் தூக்கி இழுத்தால் தோலும் கூடவே எழும்பும். பிறகு சோப்பு போட்டுத் தேய்க்காமல் முகம் கழுவி, மாய்ஸ்சரைசர் போடுங்கள். அன்றிரவு ஸ்க்ரப், அமில சீரம் எதுவும் வேண்டாம். அடுத்த நாளும் அதே இடத்தில் ஒட்டாமல் தோலுக்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுங்கள்.

காசுக் கணக்கு

பெட்டி விலையைப் பார்க்காதீர்கள். உள்ளே எத்தனை ஜோடி என்று பார்த்து வகுத்து, ஒரு முறைக்கு எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். 50 கிராம் சன்ஸ்கிரீன் குழாய் சரியான அளவில் பூசினால் நாற்பது தடவைக்குச் சொச்சம் வரும். அதிலும் ஒரு முறைக்கு எவ்வளவு என்று பாருங்கள். பேட்ச் ஒட்டினாலும் சன்ஸ்கிரீன் செலவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும் என்பதால், பேட்ச் விலை முழுக்க முழுக்கக் கூடுதல் செலவு.

அதே காசுக்கு என்ன கிடைக்கும் என்றும் யோசியுங்கள். சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பி, ஆஸ்திரேலியப் புற்றுநோய்க் கழகம் பரிந்துரைக்கும் அளவு அது, முகம், காது, பின்கழுத்து எல்லாவற்றையும் மறைக்கும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கிரிக்கெட் தொப்பி போதாது. காதும் கழுத்தும் வெளியே நிற்கும். அடர் நிறமும் நெருக்க நெசவும் உள்ள துணியில் முகமூடியோ துப்பட்டாவோ பேட்ச் செய்யும் வேலையில் பெரும்பகுதியைப் பசை இல்லாமல் செய்துவிடும். மங்கு உள்ளவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்துக்குப் பொருந்தும் சன்ஸ்கிரீன். அடுத்தது தொப்பி. பேட்ச் மூன்றாவது.

அடிக்கடி வரும் சில கேள்விகள்

பேட்ச்சின் மேல் மேக்கப் போடலாமா? போடலாம், ஆனால் பேட்ச் தெரியத்தான் செய்யும். தெரியக்கூடாது என்று நினைக்கிறவர்களுக்கான பொருள் இல்லை இது.

ஒரு ஜோடியை மறுநாள் பயன்படுத்தலாமா? கூடாது. வியர்வையும் எண்ணெயும் ஏறிய பசை பிடிக்காது, கிருமியும் சேரும்.

பிரிட்ஜில் வைக்கலாமா? ஜெல் வகையைக் கீழ்த்தட்டில் வைக்கலாம், ஒட்டும்போது இதமாக இருக்கும். பாக்கெட்டைத் திறந்து வைத்தால் ஜெல் காய்ந்து வீணாகும். காருக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள். வெயிலில் நின்ற காரில் பசை உருகிக் கசிந்துவிடும்.

குழந்தைகளுக்கு ஒட்டலாமா? வேண்டாம். அவர்கள் தோல் மெல்லியது, பிய்த்து வாயில் வைக்கவும் செய்வார்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழல் போதும்.

ஒட்ட ஆரம்பித்த பிறகு மங்கு இன்னும் கறுத்தால்? உடனே நிறுத்துங்கள். பசை எரிச்சலாலும் இருக்கலாம், மூடிய இடத்தில் சேரும் சூட்டாலும் இருக்கலாம். பேட்ச்சை மாற்றி இன்னொரு பிராண்டைச் சோதித்துக்கொண்டிருக்காமல், பயன்படுத்திய பேட்ச்சின் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அவர் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.